குணசீலன் எழுதிவைத்த பெயர்: நாமக்கல் குடைவரைகள் யாருடையவை?

சேலத்திலிருந்து தெற்கே வரும் சாலையில் இராசிபுரத்தைக் கடந்ததும் இடப்பக்கம் கொல்லிமலை நீளமாகத் தொடர்ந்து வரும். அது பின்வாங்கும் நேரத்தில் எதிரே ஒரு கல் எழும்பி நிற்கும். மரம் செடி அதிகம் இல்லாத, வெயிலில் வெளுத்த, ஒரே பாறை. தலையில் கோட்டை மதில், காலடியில் கமலாலயக் குளம், சுற்றிலும் கடைத்தெரு. நாமக்கல் என்ற பெயரிலேயே கல் இருக்கிறது. வெளியூரார் இந்த ஊரை முட்டைக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் அறிவார்கள். பக்தர்கள் ஆஞ்சநேயருக்காக வருகிறார்கள். அந்தக் கல்லின் வயிற்றுக்குள், இருபுறமும், தென்னிந்தியச் சிற்பக்கலையின் முதல் வரிசையில் வைக்கத்தக்க இரண்டு குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன.

அவற்றைக் குடைவித்தது யார்? ஊரில் கேட்டால் பெரும்பாலும் “பல்லவர் காலம்” என்பார்கள். சில நூல்கள் பாண்டியர் என்கின்றன. வேறு சில, அதியர் என்று தயக்கத்தோடு சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே “பல்லவ பாணியில்” என்று சேர்த்துக்கொள்கின்றன. இந்த மூன்று விடைகளையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: குடைவித்தவன் தன் பெயரைக் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறான். அதைப் படித்த பிறகும் அண்டை வீட்டாரின் பெயரால் இந்தக் கோயில்களை அழைப்பது நியாயம் ஆகாது.

ஒரு பாறை, இரண்டு சன்னதி

தலபுராணம் சொல்லும் கதை எளிமையானது. அனுமன் கண்டகி ஆற்றிலிருந்து சாளக்கிராமத்தைச் சுமந்துவரும் வழியில் இங்கே இறக்கிவைத்தார், அது மலையாக வளர்ந்துவிட்டது. அந்த மலையிலேயே நரசிம்மர் குடிகொண்டார், எதிரே அனுமன் கைகூப்பி நின்றுவிட்டார். சுமார் 18 அடி உயரம் உள்ள அந்த ஆஞ்சநேயருக்கு மேலே இன்றும் விமானம் கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேலேயே விழுகின்றன.

மலையின் ஒருபுறம் நரசிம்மர் கோயில். வெளியே பிற்கால மண்டபங்களும் நாமகிரித் தாயார் சன்னதியும் சேர்ந்து அது ஒரு முழுக் கோயிலாக வளர்ந்திருக்கிறது. கணிதமேதை இராமானுஜனின் குடும்பத்தார் வழிபட்ட தாயார் இவள்தான். தன் கணக்குகளை நாமகிரித் தாயாரின் அருளாகவே அவர் கருதினார் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய அனைவரும் குறிப்பிடுகிறார்கள். மலையின் மறுபுறம், படியேறிப் போனால் அரங்கநாதர் கோயில். அங்கே கூட்டம் குறைவு. ஆராய்ச்சியாளருக்கோ அங்கேதான் முதல் சாவி இருக்கிறது.

அரங்கநாதர் குடைவரையில்

நான் அந்தப் படிகளில் ஏறிய காலை, வெயில் பாறையைச் சுடத் தொடங்கியிருக்கவில்லை. முகப்புத் தூண்களைக் கடந்து உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் பிடித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அர்ச்சகர் தீபத்தைத் திருவடிப் பக்கமிருந்து மெல்ல நகர்த்தினார். பாதம், முழங்கால், இடை, மார்பு என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்து, கடைசியில் திருமுகமும் அதன் மேல் கவிந்த பாம்பின் படங்களும் தெரிந்தன. ஒரே பார்வையில் அடங்காத உருவம் அது. சுவரிலிருந்து வெட்டிய உருவம் என்பதால் தனிச்சிலை போலச் சுற்றிவர முடியாது. தீபம் போகும் வழியிலேயே கண்ணும் போகவேண்டும். இவரைக் கார்க்கோடகன் மேல் துயில்பவர் என்று ஊர் மரபு சொல்கிறது.

அவரைச் சுற்றிச் சுவர் முழுவதும் ஆட்கள். முனிவர்கள், தேவர்கள், இசைவாணர்களான தும்புருவும் நாரதரும், மனித வடிவெடுத்த ஆயுதங்கள், தாக்க வரும் மதுவும் கைடபனும். அமைதியாகத் துயிலும் ஒருவரைச் சுற்றி இத்தனை அசைவு! பாறை இறுகிய கருங்கல் இனம். வாதாபியின் மணற்கல்லைப் போல உளிக்கு இளகிக் கொடுக்காது. கட்டடம் எழுப்புகிறவர் ஒரு கல் சரியில்லை என்றால் வேறு கல் வைக்கலாம். குடைகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு விரல் உடைந்தால் உடைந்ததுதான். எந்த உருவம் எவ்வளவு முன்தள்ளி நிற்கவேண்டும், எது பின்னே ஒதுங்கவேண்டும் என்பதை முதல் உளி விழுவதற்கு முன்பே தலைமைச் சிற்பி மனத்துக்குள் முடிவு செய்திருக்கவேண்டும்.

மண்டபத்துச் சுவர்களில் வேறு வடிவங்கள். பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணர், மாவலியிடம் மூன்றடி கேட்ட வாமனனும் அவனே வளர்ந்து நிற்கும் திரிவிக்கிரமனும், நரசிம்மர். திருமால் கோயிலுக்குள் சங்கரநாராயணருக்கு இவ்வளவு மதிப்பான இடம் தந்தது கவனிக்கத்தக்கது. பக்கத்துத் திருச்செங்கோட்டு மலையில் இறைவன் பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீசுவரராக நிற்கிறார். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டு பாதிகளை ஓருடலாக்கிப் பார்த்து வணங்கும் மனம் இந்தச் சமவெளிக்குப் பழகியது என்பது மட்டும் தெரிகிறது.

இந்தக் குடைவரையில்தான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். கோயிலின் பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். அதாவது, அதியர் வேந்தனின் திருமால் இல்லம். செய்வித்தவன் அதியர் குலத்துக் குணசீலன். துயிலும் திருமாலைச் சூழ்ந்து நிற்பவர்களின் பெயர்களையும் கல்வெட்டு அடுக்கிச் சொல்கிறது. சிற்பத்தைச் செய்துவிட்டு, இவர் இன்னார் என்று எழுத்திலும் பதிவு செய்வது அந்தக் காலத்துக் கோயில்களில் அரிது. பார்க்க வருபவர் ஐயத்தோடு திரும்பக்கூடாது என்று நினைத்த ஒருவனுடைய செயல் அது. அவன் பெயரையே நாம் ஐயத்துக்குரியதாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

நரசிம்மர் குடைவரையில்

இங்கே கருவறையில் நரசிம்மர் அரியணையில் அமர்ந்திருக்கிறார். உக்கிரம் அடங்கிய கோலம். பிரம்மனும் சிவனும் சூரிய சந்திரரும் முனிவர்களும் உடனிருக்கிறார்கள். இரணியனைக் கிழித்த கையில் இன்றும் சிவப்பு தெரிவதாகப் பக்தர்கள் சொல்வார்கள். அடங்கிய அந்தக் கோலத்துக்குச் சில அடி தூரத்திலேயே, பக்கச் சுவரில், அடங்காத கோலம். பல கைகளோடு நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார். ஒரே கடவுளின் முன்னிலையும் பின்னிலையும் ஒரே அறைக்குள். கதையின் கொடூரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அது முடிந்துபோன அமைதி எதிரே இருக்கிறது.

மற்றச் சுவர்களில் பூமிதேவியை மீட்டெடுக்கும் வராகர், காலை உயரத் தூக்கிய திரிவிக்கிரமன், பாம்பணையில் வீற்றிருக்கும் வைகுண்டநாதர். திரிவிக்கிரமன் சிற்பத்தில் கீழே மாவலி நீர்வார்த்துக் கொடுக்கிறான், அதே நொடியில் மேலே கால் வானத்தை அளக்கிறது. கொடுப்பதற்கும் இழப்பதற்கும் இடையே இடைவெளியே விடாமல் செதுக்கியிருக்கிறார்கள்.

குணசீலனின் கல்வெட்டு அரங்கநாதர் குடைவரைக்குரியது. நரசிம்மர் குடைவரையையும் அவன் குலத்தின் கணக்கில் சேர்ப்பது சிற்பங்களின் நடை ஒற்றுமையை வைத்துத்தான். உடலின் வாகு, அணிகள், கூட்டமாக ஆட்களை நிறுத்தும் முறை எல்லாம் இரண்டிலும் ஒரே பட்டறையின் கைகளைக் காட்டுகின்றன. இது ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம்.

அதியர் என்பவர் யார்?

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைத் தமிழ் படித்த எவரும் அறிவர். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன். அவன் புலவர்களின் கற்பனை அல்லன் என்பதற்குக் கல் ஆதாரம் 1981இல் கிடைத்தது. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில், பாறைக் குகை ஒன்றில், தமிழி எழுத்தில், அதியன் நெடுமான் அஞ்சி துறவியருக்கு அளித்த உறைவிடம் பற்றிய செய்தி. அதில் அவன் ‘சதியபுத்திரன்’ என்று அழைக்கப்படுகிறான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளர் ஆகியோருக்குச் சமமாக வைத்து எண்ணும் ‘சதியபுத்திரர்’ யார் என்ற நெடுநாள் புதிருக்கு அந்த ஒரு வரி விடை சொன்னது.

அந்தக் குலம் அத்துடன் மறைந்துவிடவில்லை. 8ஆம் நூற்றாண்டில் நாமக்கல்லில் குணசீலனாக நிற்கிறது. சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் விடுகாதழகிய பெருமாள் என்ற அதியர் குலத்தவன், போளூரை அடுத்த திருமலையில், முன்னோன் எழினி அமைத்த இயக்கர் உருவங்களைப் புதுப்பிக்கிறான். அசோகன் காலம் முதல் சோழர் காலம் வரை, விட்டுவிட்டாவது, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் பெயர் சொல்லி நின்ற குலம். மூவேந்தருக்கு வெளியே இவ்வளவு நீண்ட தொடர்ச்சி தமிழகத்தில் அரிது.

ஜம்பையில் குகை தந்தான் ஓர் அதியன், திருமலையில் சமணத் திருவுருவங்களைப் புதுப்பித்தான் இன்னோர் அதியன், நாமக்கல்லில் திருமாலுக்குக் கல்லைக் குடைந்தான் மற்றோர் அதியன். சமயம் மாறியது. பாறையைத் தேடிப்போய்ப் பெயர் பொறிக்கும் பழக்கம் மாறவில்லை.

மூன்று விடைகள்

பல்லவர் என்பாரின் வாதம் இது: தமிழகத்தில் குடைவரையைத் திருமாலுக்கும் சிவனுக்கும் பெருமளவில் தந்தவர்கள் பல்லவர்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பெருமிதத்தோடு எழுதிவைத்தான். அவனுடைய குடைவரை திருச்சிராப்பள்ளி மலையிலும் இருக்கிறது. நாமக்கல்லுக்கு அது தொலைவில்லை. எழுத்தும் பல்லவ கிரந்தம். ஆகவே கலையும் பல்லவருடையது.

இதில் பாதி உண்மை. எழுத்து அங்கிருந்து வந்தது. ஆனால் எழுத்து வந்த வழியே எல்லாம் வந்தது என்று சொல்ல முடியாது. மகேந்திரனின் குடைவரைகளில் தூண்கள் பெரியவை, சுவர்கள் பெரும்பாலும் வெறுமையானவை. நாமக்கல்லில் சுவர்களே கோயில். மாமல்லபுரத்தில் வராகரும் திரிவிக்கிரமனும் பாம்பணைத் திருமாலும் உண்டு. ஆனால் ஒரே கோயிலில் இத்தனை திருமால் வடிவங்களை வரிசைப்படுத்தும் திட்டம் அங்கே இல்லை.

பாண்டியர் என்பாரின் வாதம் காலத்தை வைத்து எழுவது. பராந்தக நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்டவன். மதுரை ஆனைமலையில் நரசிம்மருக்குக் குடைவரை எழுந்தது அவன் ஆட்சியில்தான். கலியாண்டு கணக்கில் கல்வெட்டிலேயே குறித்த அதன் காலம் கி.பி. 770. அவனுடைய அமைச்சன் மாறன் காரி அதைத் தொடங்கி, முடிக்கும் முன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி நீர் தெளித்தான். மூன்றாண்டு கழித்து, 773இல், திருப்பரங்குன்றத்துக் குடைவரை. அங்கும் வராகர், நரசிம்மர், வீற்றிருக்கும் திருமால் உண்டு. இந்த ஒற்றுமை கனமானது.

அதே நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு வேறொரு செய்தியையும் தருகிறது. அவன் கொங்குக்குள் புகுந்து அதியனோடு போரிட்டான். புகழியூர் போன்ற காவிரிக்கரை இடங்களில் அதியன் பின்வாங்கினான். அதியனுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்தார்கள். அவர்களையும் பாண்டியன் விரட்டினான். ஆக, பாண்டியன் இங்கே வந்தது எதிரியாக. வென்றவனே கோயிலைக் குடைந்தான் என்றால், தோற்ற அதியனின் பெயரை அதன் நெற்றியில் ஏன் பொறிக்கப்போகிறான்?

இந்தச் செப்பேடுதான் பல்லவச் சாயலையும் பாண்டியச் சாயலையும் ஒருசேர விளக்குகிறது. பல்லவன் கூட்டாளி, பாண்டியன் பகைவன். கூட்டாளியிடமிருந்தும் பகைவனிடமிருந்தும் கலை வந்துசேரும். சிற்பிகளுக்குப் போர்க்களத்தின் எல்லை கிடையாது. நாமக்கல், காவிரியைக் கடந்தால் கரூர், கிழக்கே திருச்சி, வடக்கே தகடூர் என்று வழிகள் சந்திக்கும் இடம். வழியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.

வாதாபியிலிருந்து வந்த வரிசை

பலரும் எளிதில் கடந்துபோகும் ஒப்பீடு ஒன்று உண்டு. வாதாபியின் மூன்றாம் குடைவரை சாளுக்கிய இளவரசன் மங்களேசன் 578இல் செய்வித்தது. அங்கே இருக்கும் பெரிய சிற்பங்களை எண்ணிப் பாருங்கள்: பாம்பின் மேல் வீற்றிருக்கும் திருமால், வராகர், நரசிம்மர், அரியும் அரனும் இணைந்த வடிவம், திரிவிக்கிரமன். நாமக்கல்லின் இரண்டு குடைவரைகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஐந்தும் இங்கே இருக்கின்றன. தற்செயல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கொங்கின் வடக்கு வாயில் கன்னட நாட்டை நோக்கித் திறந்திருப்பது. அந்த வழியே திட்டம் வந்திருக்கவேண்டும்.

ஆனால் வந்தது அப்படியே வைக்கப்படவில்லை. வாதாபியின் நரசிம்மர் அமைதியாக நிற்கிறார். நாமக்கல்லில் அவர் இரணியனைக் கிழிக்கிறார். வாதாபியில் பாம்பின் மேல் வீற்றிருப்பவர் உண்டு. நாமக்கல் அவரோடு துயில்பவரையும் சேர்த்து, துயில்பவருக்குக் கருவறையையே கொடுக்கிறது. திருமயத்தில் பாறை முழுவதும் நீண்டு துயிலும் திருமாலைக் கண்டவர்களுக்கு இது தமிழ்நாட்டுப் பக்தியின் ஆசை என்பது புரியும். ஆழ்வார்கள் பாடிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கிலிருந்து திட்டம், காஞ்சியிலிருந்து எழுத்து, தெற்கிலிருந்து நரசிம்மப் பற்று. இவற்றைத் தேர்ந்து சேர்த்த கை அதியனுடையது.

காலத்தைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட ஓர் ஆண்டைச் சொல்லும் நூல்களை நான் ஏற்கவில்லை. கல்வெட்டில் ஆண்டு இல்லை. எழுத்தமைதியும் சிற்ப நடையும் 8ஆம் நூற்றாண்டு என்ற அளவில் நிற்கின்றன. அதுவே போதும்.

கோட்டையும் கோயிலும்

மலையுச்சியில் இருக்கும் கோட்டை பல நூற்றாண்டு பிந்தியது. சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்றும், மைசூர் அதிகாரி இலட்சுமிநரசய்யா கட்டியது என்றும் இருவகையாகச் சொல்வார்கள். 1768இல் ஆங்கிலேயத் தளபதி வுட் இதைப் பிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். உச்சியில் பெருமாள் சன்னதியும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது. திருச்சியிலும் திருமயத்திலும் இதே காட்சிதான்: பாறையின் வயிற்றில் குடைவரை, தலையில் கோட்டை.

உலகின் மறுகோடியிலும் இப்படி ஒரு பாறை உண்டு. இங்கிலாந்தின் வடக்கே, வேர் ஆறு மூன்றுபக்கம் வளைந்தோடும் டர்ஹாம் குன்று. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் அங்கே 1072இல் கோட்டை எழுப்பினார்கள், 1093இல் பேராலயத்தைத் தொடங்கி 1133இல் முடித்தார்கள். உருண்டு திரண்ட தூண்களில் கோடுகளும் கட்டங்களும் செதுக்கி, கல் விலா எலும்புகளால் கூரையைத் தாங்கிய அந்தக் கட்டடம் ஐரோப்பியக் கலையில் ஒரு திருப்பம். அதன் நுட்பங்கள் பல இடங்களிலிருந்து வந்தவை, கைகளில் பல உள்ளூர்க் கைகள், உள்ளே துயில்பவர் நார்மன்களுக்கு முந்தைய உள்ளூர்த் துறவி கத்பர்ட். ஆனாலும் உலகம் அதை ‘நார்மன்’ என்றே அழைக்கிறது. காரணம், செய்வித்தவர்கள் அவர்கள். வேர்கள் பலவாக இருந்தாலும், திரட்டி ஒன்றாக்கியவர் பெயரே நிற்கிறது.

அதே நீதியை நாமக்கல்லுக்கும் கேட்கிறேன். வென்று வந்த பேரரசுக்குக் கிடைத்த உரிமை, சொந்த மண்ணில் நின்று பெரியவர்களுக்கு நடுவே தாக்குப்பிடித்த சிற்றரசனுக்கும் கிடைக்கவேண்டும். பேரரசு என்றால் பாணி, சிற்றரசு என்றால் சாயல் என்று எழுதிப் பழகிவிட்டோம். நாமக்கல் ‘பல்லவ பாணி’ அல்ல, ‘பாண்டியச் சாயல்’ அல்ல. அதியர் கலை. அதற்கு இந்த இரண்டு குடைவரைகளே போதிய சான்று.

இதனால் நடைமுறையில் என்ன பயன் என்று கேட்கலாம். பெயர் மாறினால் பார்வை மாறும். ‘பல்லவ பாணி’ என்று நம்பி வருபவர் மாமல்லபுரத்தைத் தேடுவார், கிடைக்காதபோது இதை இரண்டாந்தரப் பிரதி என்று நினைத்துத் திரும்புவார். அதியர் கலை என்று வருபவர் இரணியனின் வயிற்றின் மேல் குனிந்த அந்த முகத்தை நின்று பார்ப்பார். சேலம், நாமக்கல், தருமபுரிப் பள்ளிகளில் நெல்லிக்கனி தந்த அதியனைப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவன் வழிவந்தவன் குடைவித்த கோயில் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்பது தெரியவேண்டும். பாடத்தில் படித்த பெயரைப் படியேறிப் போய்க் கல்லில் பார்ப்பது வேறு அனுபவம்.

நான் இறங்கி வரும்போது எதிரே ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கிய பாட்டி படியில் உட்கார்ந்துகொண்டு, “இதக் கட்டினது யாரு சாமி?” என்று என்னிடம் கேட்டார். கட்டவில்லை, குடைந்தார்கள் என்று திருத்தத் தோன்றவில்லை. “அதியமான் வம்சத்துல குணசீலன்னு ஒரு ராசாங்க பாட்டி. உள்ளே பேரு எழுதியிருக்கு” என்றேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லவைத்தார். பிறகு எழுந்து மேலே ஏறினார்.